துரோகம் என்று எழுதியிருந்தேன்

ஆரண்ய காண்டம் படம் 2011 ஜூன் 10ஆம் தேதி வெளியானது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் போனோம். முப்பது பேர்கூட இருந்திருக்க மாட்டோம். ஞாயிறு மாலையில் அந்தத் தியேட்டரை அவ்வளவு காலியாக நான் அதுவரை பார்த்ததில்லை. இடைவேளையில் பத்துப் பேராவது எழுந்து போனார்கள், அதில் என் நண்பனும் ஒருவன். போவதற்கு முன் வராண்டாவில் நின்று டீ குடித்துக்கொண்டே, "இதுல நம்ம யார் பக்கம்டா நிக்கிறது? ஒருத்தனாச்சும் நல்லவன் இருக்கானா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல், கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உள்ளே போய் மீதிப் படத்தைத் தனியாகப் பார்த்தேன்.

அந்தக் கேள்வி பல வருடம் என்னோடேயே இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையே அவன் இவன் படம் வந்தது, ஊர் அந்தப் பக்கம் திரும்பியது, இந்தப் படம் சத்தமில்லாமல் தியேட்டரைவிட்டுப் போனது. 2012 மார்ச்சில் தேசிய விருதுகளை அறிவித்தபோது, தியாகராஜன் குமாரராஜாவுக்கு அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருதும், பிரவீன், ஸ்ரீகாந்த் இருவருக்கும் படத்தொகுப்பு விருதும் கிடைத்தன. அப்புறம்தான் குறுந்தகடு கைமாறத் தொடங்கியது, பென் டிரைவில் போனது, வசனங்கள் பேச்சில் ஏறின. இன்றைக்குத் தமிழின் முதல் நியோ நுவார் (குற்ற உலகின் இருட்டைக் காட்டும் பழைய 'நுவார்' படங்களின் புது வடிவம்) என்று படிக்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அன்றே கொண்டாடினார்கள் என்பது போல ஒரு நினைவும் உருவாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையின் காலி நாற்காலிகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. எழுந்து போனவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். என் நண்பனுடைய கேள்விதான் அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்டவற்றிலேயே நேர்மையான கேள்வி என்று இப்போதும் நினைக்கிறேன்.

படத்தை விரும்பாதவர்கள் அன்று சொன்னவை எல்லோருக்கும் தெரியும். கெட்ட வார்த்தை, ரத்தம், பாட்டு இல்லை, குடும்பத்தோடு பார்க்க முடியாது. சென்னை தணிக்கைக் குழு 52 இடங்களில் வெட்டச் சொன்னதும், படக்குழு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய் 'ஏ' சான்றிதழோடு மீட்டு வந்ததும் அப்போதே பேசப்பட்டன. (அந்தத் தீர்ப்பாயத்தையே 2021இல் கலைத்துவிட்டார்கள். இன்று இப்படி ஒரு படம் எடுப்பவர் நேரே உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது.) வடசென்னையில் வளர்ந்த எனக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. எங்கள் பக்கம் கேமரா வந்தால் கத்தியும் கூடவே வந்துவிடுகிறது. எங்கள் தெருவில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் படமெடுக்க வரவில்லை. ஆனாலும் பி.எஸ். வினோத்தின் ஒளிப்பதிவில் அந்த வெயிலைப் பார்த்தபோது, புழுக்கத்தில் முதுகோடு ஒட்டிய சட்டையைப் பார்த்தபோது, இது எங்கள் ஊர்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நுவார் என்றால் இரவு, மழை, ஈரத் தெரு என்றுதான் படித்திருந்தேன். இந்தப் படத்தின் இருட்டு பெரும்பாலும் பட்டப்பகலில், ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் இருந்தது.

படம் பார்த்த அன்று இரவே என் பழைய வலைப்பதிவில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். நாற்பது பேர் படித்திருப்பார்கள். அந்தக் கட்டுரைதான் இப்போது இதை எழுத வைக்கிறது.

அக்கா கேட்டது

2019இல் சூப்பர் டீலக்ஸ் வந்தது. என் அக்கா அதைத் தியேட்டரில் பார்த்துவிட்டு, "இந்த ஆளு முதல்ல எடுத்த படம் உன்கிட்ட இருக்குல்ல? போடு, பாக்கலாம்" என்றாள். எனக்குக் கொஞ்சம் தயக்கம். அக்காவோடு உட்கார்ந்து பார்க்கிற படமா இது? ஆனால் அவள் கேட்டால் மறுக்க முடியாது. ஒரு சனிக்கிழமை இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, கூடத்தில் லேப்டாப்பை டிவியோடு இணைத்துப் போட்டேன்.

முதல் காட்சி உங்களுக்குத் தெரியும். விடிகாலை. வயதான தாதா சிங்கப்பெருமாள் தன் வீட்டில் வைத்திருக்கும் சுப்புவோடு படுக்கையில் தோற்றுப்போகிறான். அந்தத் தோல்வியின் ஆத்திரம் அவள்மீது பாய்கிறது. அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அதன் பிறகு படம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சிங்கப்பெருமாளின் அடியாள் பசுபதி தன்னைக் கொல்ல வருபவர்களிடமிருந்து ஓடும்போதும் பேசவில்லை, சேவற்சண்டைக்காரன் காளையனின் மகன் கொடுக்காப்புளி அப்பாவைப் பற்றிச் சொல்லும் அந்தப் பதிலுக்கும் சிரிக்கவில்லை. தியேட்டரில் மிச்சமிருந்தவர்கள் எல்லோரும் கைதட்டிய இடம் அது. கடைசியில் சுப்பு, தனக்குக் காவலாக விடப்பட்ட, தன்மேல் ஆசை வைத்த சப்பையைச் சுடுகிறாள். 2011இல் அந்த இடத்தில் எனக்கு வயிறு இறுகியது. அக்கா மூச்சை விட்டு, "அப்பாடா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா இப்படிச் சொல்ற? சப்பை பாவம் இல்லையா? படம் பூரா எல்லார்கிட்டயும் அவமானப்பட்டவன். அவளுக்காகத்தானே எல்லாம் செஞ்சான்?" என்றேன்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. வேறு எதையோ யோசிப்பது போல டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "அவன் பாவம்னு இப்ப சொல்ற. காலையில அவ அடி வாங்கினப்போ உன் வாயில அந்த வார்த்தை வரலையே."

அவ்வளவுதான். சண்டையாகவோ குற்றமாகவோ சொல்லவில்லை. லைட்டை அணைக்கட்டுமா என்று கேட்கும் குரலில் சொன்னாள். நான் எட்டு வருடமாக அந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், வாதாடியிருக்கிறேன், குறைந்தது ஏழு தடவை பார்த்திருக்கிறேன். முதல் காட்சியை எப்போதும் சிங்கப்பெருமாளின் காட்சியாகத்தான் பார்த்திருக்கிறேன். பல் போன சிங்கம், ஆட்டம் முடிந்துபோன தலைவன், "டொக்கு", அதாவது லாயக்கில்லாதவன், என்ற ஒரு சொல் ஏன் அவனை அப்படிச் சுடுகிறது என்பதற்கான முன்கதை. அந்த அறையில் இன்னொரு ஆள் இருந்தாள் என்பது என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

அவள் தூங்கப் போன பிறகு என் பழைய கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்தேன். சிங்கப்பெருமாளுக்கு இரண்டு பத்தி. பசுபதிக்கு மூன்று. காளையனுக்கும் அவன் மகனுக்கும் நான்கு, அவை இன்றும் எனக்குப் பிடித்திருக்கின்றன. அதே வருடப் பொங்கலுக்கு வந்த ஆடுகளத்தின் சேவலையும் காளையனின் சேவலையும் ஒப்பிட்டு ஒரு பத்தி. இசைக்கு ஒன்று: பாட்டே இல்லாத படத்தில் பின்னணியில் எங்கோ ஒலிக்கும் பழைய பாட்டுகளையும் யுவனின் இசையையும் பற்றி. சுப்புவுக்கு ஒரே ஒரு வாக்கியம். "இறுதியில் சுப்புவின் துரோகம் நம்மை உலுக்கிவிடுகிறது."

அதற்கு மேலே, பசுபதியைப் பற்றிய பத்தியில் இப்படி எழுதியிருந்தேன்: வண்டியில் கூடவே வருபவர்கள் தன்னைக் கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்த நொடியிலிருந்து அவன் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். இரண்டு கும்பலையும் மோதவிட்டு நடுவில் தான் தப்பிக்கும் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். அதாவது, பசுபதி பொய் சொன்னால் மூளை. ஆட்களை ஏமாற்றி ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள வைத்தால் புத்திசாலித்தனம். நாலு சுவருக்குள், கையில் ஆயுதமும் ஆளும் இல்லாமல், சுப்பு செய்ததும் அதேதான். இருக்கிற ஒரே ஆளை இன்னொரு ஆளுக்கு எதிராகத் திருப்பினாள், நடுவில் தான் தப்பித்தாள். அதற்கு நான் கொடுத்த பெயர் துரோகம். துரோகம் என்றால் முதலில் ஒரு விசுவாசம் இருந்திருக்க வேண்டும். சுப்பு யாருக்கு என்ன விசுவாசம் பட்டிருந்தாள்? தன்னைக் கொண்டுவந்து வைத்தவனுக்கா, காவலுக்கு நின்றவனுக்கா?

இத்தனைக்கும் படம் தொடங்கும்போதே, எது தேவையோ அதுவே தர்மம் என்று எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்த வரியைப் பசுபதிக்குக் கொடுத்தோம், காளையனின் மகனுக்குக் கொடுத்தோம், சிங்கப்பெருமாளுக்குக்கூடக் கொஞ்சம் கொடுத்தோம். அவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

சுட்டவள் பிழைப்பது

நுவார் என்ற பெயரே பார்வையாளர்கள் வைத்த பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, சில வருடங்களாக வராமலிருந்த அமெரிக்கப் படங்கள் பாரிசில் ஒன்றாக வந்து இறங்கின. அவற்றைப் பார்த்த நினோ பிராங்க் என்ற விமர்சகர் 1946இல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். எடுத்தவர்களுக்குத் தாங்கள் நுவார் எடுக்கிறோம் என்று தெரியாது. அந்தப் படங்களில் வரும் பெண்கள், ஆணை மயக்கி அழிப்பவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். ஆனால் 1934இலிருந்து 1968வரை ஹாலிவுட்டில் கறாராக இருந்த தயாரிப்பு விதிகளின்படி, குற்றம் செய்தவர் திரையிலேயே தண்டனை பெற்றாக வேண்டும். அதனால் தி மால்டீஸ் பால்கன் (1941) படத்தில் அந்தப் பெண் போலீசுக்குப் போகிறாள். டபுள் இன்டெம்னிட்டி (1944) படத்தில் சுடப்பட்டுச் சாகிறாள். விதிகள் போய்ப் பல வருடம் கழித்து, 1981இல் வந்த பாடி ஹீட் படத்தில்தான் அப்படி ஒருத்தி நிம்மதியாகக் கடற்கரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். சுப்பு அந்த வரிசையில் வருகிறாள். பணத்தோடு நடந்து போகிறாள், அவளை யாரும் பிடிக்கவில்லை.

எங்களுக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. அக்கா அன்று அப்படிச் சொன்ன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து 'அந்த நாள்' என்ற படத்தைப் பார்த்தோம். 1954. வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, ஏ.வி.எம். தயாரித்த படம். பாட்டு இல்லாத முதல் தமிழ்ப் படம். 1943 அக்டோபரில் சென்னைமேல் ஜப்பான் குண்டு போட்ட மறுநாள், ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். யார் சுட்டது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பராசக்தி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, சிவாஜி இந்தப் படத்தில் ராஜனாக, நாட்டைக் காட்டிக்கொடுப்பவராக நடித்தார். கடைசியில் குண்டு பாய்ந்தது அவருடைய மனைவியாக வரும் பண்டரிபாயின் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து. பாட்டில்லாத இரண்டு படம், ஐம்பத்தேழு வருட இடைவெளி, இரண்டிலும் முடித்துவைக்கும் துப்பாக்கி ஒரு பெண்ணின் கையில். பண்டரிபாய்க்கு நாடு என்ற பெரிய காரணம் இருந்தது, அழுகையும் இருந்தது. அதனால் அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. சுப்புவுக்குத் தன்னைத் தவிர வேறு காரணம் இல்லை, அழவும் இல்லை. அதைத்தான் நம்மால் தாங்க முடியவில்லை என்று தோன்றுகிறது.

இதை நான் சொல்லும்போது மறுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் பாதி சரி. அலுவலகத்தில் என்னைவிட இருபது வயது சின்னவளான ஒரு தோழி சொன்னாள்: "அண்ணா, அந்த முடிவு பெண்ணைக் கொண்டாடுற முடிவு இல்லை. பொம்பளையை நம்பாதேன்னு காலங்காலமா சொல்ற பயத்துக்குத்தான் புதுச் சட்டை போட்டிருக்காங்க. நீங்க அதைப் போய்ப் பெருசாப் பேசுறீங்க." இதைக் கேட்டு ஒரு வாரம் யோசித்தேன். அவள் சொல்வது போல, பசுபதிக்கு ஊர் முழுக்க ஓட இடம் கிடைக்கிறது. காளையனுக்கு லாட்ஜும் சேவற்சண்டையும் கிடைக்கின்றன. சுப்புவுக்கு ஏறக்குறைய படம் முழுவதும் ஒரு வீடுதான். அவள் எங்கிருந்து வந்தாள், அவளுக்கு யார் இருந்தார்கள் என்பதைப் படம் சொல்ல அக்கறைப்படவில்லை. இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. முடிவில் ஆண்களைப் பற்றி அவள் பேசும் வார்த்தைகள் எனக்கு வேண்டியதில்லை. அவள் செய்தது போதும். அந்தப் பேச்சு அவள் வாயிலிருந்து வராமல், படத்தை எழுதியவரின் பேனாவிலிருந்து நேராக வருவது போல இருக்கிறது. தியேட்டரில் அந்த இடத்தில் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் அவள் செய்தது கரைந்துபோனது.

ஆனாலும் அந்தத் தோழியோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. மயக்கி அழிப்பவளாக ஒருத்தியைக் காட்ட வேண்டுமென்றால், அவள் நுழையும்போதே வெளிச்சம் மாறும், நமக்கு அவள்மேல் ஆசை வர வேண்டும் என்று படம் வேலை செய்யும். இங்கே நாம் அவளை முதலில் பார்ப்பது அடிபடும்போது. படம் எல்லாவற்றையும் முதல் சில நிமிடங்களிலேயே நம் முன்னால் வைத்துவிட்டது. சுப்புவாக நடித்த யாஸ்மின் பொன்னப்பாவின் முகத்தில் அது இருக்கிறது. அக்கா சொன்ன பிறகு மறுபடி பார்த்தபோதெல்லாம் அந்த முகத்தையே கவனித்தேன். அவள் சப்பையோடு சிரிக்கும் காட்சிகளில்கூடக் கண் ஒரு நொடி தாமதமாகத்தான் சிரிக்கிறது. நடிப்பாகச் செய்தாரா, தானாக வந்ததா, தெரியாது. ரவி கிருஷ்ணாவின் சப்பையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவன் நிஜமாகவே பாவம்தான். அக்காவும் பிறகு அதை ஒத்துக்கொண்டாள். "பாவம்தான். ஆனா அவனும் அந்த வீட்டுக் கதவை வெளிய நின்னு பூட்டினவன்தானே" என்றாள்.

என் நண்பன், இடைவேளையில் போனவன், போன வருடம்தான் மீதிப் படத்தைப் பார்த்தான். போனில் பேசினான். "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இப்பவும் யார் பக்கம்னு தெரியல" என்றான். பக்கம் எடுக்க வேண்டுமென்று இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஏனென்றால் நான் எடுத்திருந்தேன். யாரும் கேட்காமலே, எடுத்தது எனக்கே தெரியாமல், முதல் தடவையே எடுத்துவிட்டேன். முப்பது பேர் இருந்த அந்தத் தியேட்டரில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று இப்போது நினைவுபடுத்திப் பார்க்கிறேன். இரண்டு பேர், ஒருவேளை மூன்று. இடைவேளைக்குப் பிறகு அவர்கள் இருந்தார்களா என்பது என் நினைவில் இல்லை.

எவ்வளவு பணம்

அந்தச் சனிக்கிழமை இரவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அக்கா தூங்கப் போவதற்கு முன் கதவருகே நின்று திரும்பி, "அந்தப் பையில எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"இல்ல, அவ எங்க போவா?"

ஒளியைப் பற்றி, கோணத்தைப் பற்றி, வசனத்தைப் பற்றி, வெளிநாட்டுப் படங்களின் சாயல் உண்டா இல்லையா என்பதைப் பற்றி நானும் என் நண்பர்களும் எட்டு வருடம் பேசியிருக்கிறோம். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்குப் படம் அவள் நடந்து போவதோடு முடிந்துவிட்டது.

அக்கா 2008இல் ஒரு மதியம், புகுந்த வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில், ஒரே ஒரு பையோடு வெளியே வந்தவள். எங்கள் வீட்டுக்குக்கூட உடனே வரவில்லை. அப்பா திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயந்து, முதல் நான்கு மாதம் எழும்பூர் பக்கம் ஒரு மகளிர் விடுதியில் இருந்தாள். அதைப் பற்றி அவள் என்னிடம் அதிகம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று இரவு நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, எண்ணி எண்ணிச் சொன்னாள். விடுதிக்கு மூன்று மாத அட்வான்ஸ் கேட்பார்கள். ஆதார் மாதிரி ஏதாவது கேட்பார்கள், அவளிடம் என்ன இருக்கும்? வேலை இல்லை என்றால் சேர்க்க மாட்டார்கள், அதனால் ஒரு கடிதம் வேண்டும். கட்டுக்கட்டாகப் பணம் வைத்திருந்தால் வார்டனுக்குச் சந்தேகம் வரும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும். முதல் ராத்திரி சென்ட்ரலில் உட்கார்ந்து கழிப்பதுதான் நல்லது, லேடீஸ் வெயிட்டிங் ரூம் இருக்கிறது, ஒரு டிக்கெட் கையில் இருந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

"எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கறது?" என்றேன்.

"காலையில கிளம்புற ரயிலாப் பாத்து, எந்த ஊருக்குன்னாலும்" என்றாள். பிறகு லைட்டை அணைத்துவிட்டுப் போனாள்.